சிறு கோடு

பகாவ் ஆலைக்குப் பின்னால் வேலி போட்ட சிறு சதுரம்.
உள்ளே ஒரு வெள்ளைப் பெட்டி, ஒரு செம்புக் குவளை,
பதினாறு வாரத்துக்கு நான்.
பல்கலைக்கழகக் கடிதத்தில் லோஷினி த/பெ குணாளன்,
தோட்டத்து வாயில் மழைப் பிள்ளை.

காலை எட்டு என்றால் எட்டு.
புனலைக் கழற்றி
தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி
ஈரப் புல்லில் மண்டியிட வேண்டும்.
நின்றபடி பார்த்தால் மழை கூடிப்போகும்.
நீரின் குழிந்த அடிவயிறு தொடும் இடம்தான் எண்.

ஆயினா திரெங்கானுக்காரி.
கழிவுக் குட்டைகள் அவள் பொறுப்பு.
என் தண்ணீருக்கு வாசனையே கிடையாது,
அவளுடையது பஸ் வரை கூட வரும்.

ஒன்பதாவது வாரம், வெள்ளி மாலை,
சிரம்பானில் தோழிக்கு நிச்சயதார்த்தம்.
சனி காலை எட்டு மணிக்கு அங்கே பாயில் கிடந்தேன்,
கண்ணோரம் மிச்ச மை, ஜன்னலில் வெயில்.
கைப்பேசியில் பாரத்தைத் திறந்து
0.0.
ஒரு சுழியம் போட எவ்வளவு நேரம் ஆகும்?

ஞாயிறு எட்டு மணிக்குக் குவளையில்
முப்பத்தேழு புள்ளி நான்கு.
வேலியோரப் புல் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தது.
எந்த நாள் மழை இது?
குவளைக்குத் தேதி தெரியாது.

பதினாலாம் பிளாக்கில் குலை வெட்டும் மொஃபிசுல்,
வங்காளதேசத்து ஆற்றங்கரை ஒன்றிலிருந்து வந்தவர்,
முழங்காலைத் தொட்டுக் காட்டினார்: இவ்வளவு.
வெள்ளி இரவு முழுக்க.
சனி காலை டிராக்டர் புதைந்துபோனது.
பெரட்டுக்கு வந்த பதினெட்டுப் பேர்
செம்பனை ஓலைக்கடியில் நின்று பார்த்துத் திரும்பினார்கள்.
ஆபீசில் மழை இல்லை என்று எழுதியிருக்கிறதாம்.
சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மழை நாளுக்குப் பாதிக் கூலி.
வெயில் நாளில் வராதவருக்கு ஒன்றும் இல்லை.
எந்த நாள் எது என்று சொல்வது என் பாரம்.
அந்தச் சொல்லின் மற்ற அர்த்தம்
அன்றைக்குத்தான் தோளில் ஏறியது.

கிராணி சுகுமாறன் திரையைத் திருப்பினார்.
பதினெட்டுப் பெயர், பதினெட்டு 'வரவில்லை'.
"சனிக்கிழமைக்கு முப்பத்தேழு நாலுன்னு மாத்திடும்மா,
முடிஞ்சிரும்."

முடியும்தான்.
பொய்க்கு மருந்து அதைவிட நல்ல பொய் என்று
கொஞ்ச நேரம் நானும் நம்பினேன்,
விரல் ஏழாம் எண்ணுக்கு மேலே நின்றது.
மண்டியிடாத நாளின் மழையை
என் கையால் எப்படி எழுத?

சனிக்கிழமைக் கட்டத்தில் சுழியத்தை அழித்துவிட்டு
ஒரு சிறு கோடு போட்டேன்.
கோடு என்றால் வானம் காய்ந்தது என்றல்ல,
யாரும் பார்க்கவில்லை என்று.
ஞாயிறில் 37.4, இரு நாள் கூட்டு.
குறிப்பில்: அன்று நான் சிரம்பானில் இருந்தேன்.
சக்கரம் புதைந்த குழிக்குள் ஆயினா
அளவுகோலை இறக்கிப் படம் எடுத்துத் தந்தாள்,
நாற்பத்தொரு சென்டிமீட்டர், அடியில் தவளை.
அதையும் இணைத்தேன், தவளையோடு.

"கோட்டுக்குக் கூலி உண்டா?"
கிராணி கேலியாகக் கேட்கவில்லை.
எனக்குத் தெரியவில்லை.
மேனேஜருக்கு அனுப்பிவைத்தார்.

பதினொரு பேருக்கு வந்துவிட்டதாம்.
ஏழு பேருக்கு அடுத்த மாதமாம்.
ஏன் ஏழு என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை.
மொஃபிசுல் அந்த ஏழில் இருக்கிறார்.
என் மதிப்பீட்டுத் தாளில்
நேரம் தவறாமை: ஐந்துக்கு மூன்று.

இன்று கடைசி அளவீடு.
குழாயின் அடியில் ஈரம் மட்டும்,
எந்தக் கோட்டையும் தொடாத ஈரம்.
சுழியம் என்று விட்டுவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை.
இன்னொரு முறை மண்டியிட்டேன்.
இதற்கும் பாரத்தில் ஒரு சொல் இருக்கிறது:
சுவடு.
எழுதிவிட்டு எழுந்தபோது
முழங்கால் இரண்டிலும் புல்.